பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11: ஓடினால் மட்டும் போதுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இனி, "விண்டோஸ் 11 போட்டாச்சு" என்று சொல்லி யாராவது பழைய லேப்டாப்பை விற்றால், அது எப்படிப் போடப்பட்டது என்று கேளுங்கள்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட், மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள பிராசசர் ஆகிய மூன்றும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவை தேறாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐ7 என்பது தலைமுறை அல்ல. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 6500 என்றால் 6-ஆம் தலைமுறை, 8550 என்றால் 8-ஆம் தலைமுறை.

இந்தத் தகுதிச் சோதனையைச் சுற்றிக்கொண்டு போய் நிறுவவும் வழிகள் உண்டு. லேப்டாப் நன்றாக ஓடவும் செய்யும். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி தர முடியாது என மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. இதை மறைத்து விற்பது, என் பார்வையில், பழுதை மறைத்து விற்பதற்குச் சமம்.

கையில் இருப்பது பழைய கணினி என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியில் இலவசமாகச் சோதிக்கலாம். டிபிஎம் இருந்தும், கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அதை மாற்றும் முன், கோப்புகளைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளே உங்களுக்குத் திறக்காமல் போகலாம். தேறாத கணினிகளில் உள்ள விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இன்னொரு நல்ல வழி. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குபவர்கள் பிராசசரின் முழு எண்ணையும், "விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகப் பொருந்தும்" என்ற வாசகத்தையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்து வாதாடுவது கடினம். பொய் சொல்லி விற்றிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.