பீட்சாவும் பிள்ளைகளின் ஆகாரமும்

பழியும் பக்ஷபாதமும்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழை ஜனங்கள் மாவைத் தட்டித் தக்காளி பரப்பிச் சுட்டுப் பசியாறிய பீட்சா, கடல்களைக் கடந்து வந்து, நம் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துகளிலும் பிரதான ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அதை விஷமென்று ஒதுக்குவோரும் உண்டு. பிள்ளை அடம்பிடிக்காமல் சாப்பிட்டால் போதுமென்று அடிக்கடி தருவிப்போரும் உண்டு. மாவும் தக்காளியும் சீஸும் தம்மளவில் குற்றமற்ற பதார்த்தங்களே. எந்த வேளையில், எவ்வளவு உண்கிறோம் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன.

தீங்கு எங்கே?

அடிரொட்டிக்குரிய மைதா தவிடு நீங்கிய மாவாதலால் நார்ச்சத்து சொற்பம். சீஸில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டெனினும், அவற்றோடு நிறைவுற்ற கொழுப்பும் உப்பும் சேர்ந்தே வருகின்றன. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் தகும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பிள்ளைகளுக்கு அதனினும் குறைவு. அவ்வாறிருக்க, அடிரொட்டியிலும் சாஸிலும் சீஸிலும் தனித்தனியே மறைந்திருக்கும் உப்பை நாக்கு கணக்கிட்டு அறிவதில்லை. மேலே தூவும் சாசேஜ் போன்ற பதனிட்ட மாமிசத்தையோ, புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் 2015-ல் அந்த ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமே சேர்த்துவிட்டது.

எத்தனை முறை?

அமெரிக்கப் பிள்ளைகளின் ஆகாரத்தை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பீட்சா உண்ட நாளில் சிறுவர்கள் சுமார் 84 கலோரியும், 12 முதல் 19 வயதுள்ளோர் சுமார் 230 கலோரியும் வழக்கத்தைவிட அதிகம் உட்கொண்டதாகவும், சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே நொறுக்குத்தீனியாக உண்டபோது இம்மிகை இன்னும் கூடியதாகவும் தெரியவந்தது. ஆகவே, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகவே, சிறுவர்க்கு இரண்டு துண்டுகள், கூடவே வெள்ளரி, காரட் துண்டங்கள் என்று வரையறுத்துக்கொள்வது உசிதம். குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீரோ நீர்மோரோ போதும்.

வீட்டுப் பக்குவம்

கோதுமை மாவும் மைதாவும் சரிபாதி கலந்து, ஈஸ்ட் சேர்த்துச் சப்பாத்தி மாவினும் சற்று இளக்கமாகப் பிசைந்து, இரு மடங்காக உப்பும்வரை மூடிவைக்க வேண்டும். தக்காளியைப் பூண்டுடன் சுண்ட வதக்கி அரைத்தால், கடைச் சாஸின் உப்பும் சர்க்கரையும் தவிரும். குடைமிளகாய், வெங்காயம், காளான் முதலியவற்றை நீர் வற்ற வதக்கிக்கொள்ளாவிட்டால் அடிரொட்டி நமுத்துப்போகும். ஓவன் இல்லாத வீட்டில், உப்பிய மாவைத் தட்டித் தோசைக்கல்லில் இட்டு, ஒருபுறம் வெந்ததும் திருப்பிப்போட்டு, வெந்த பக்கத்தில் சாஸைத் தடவிக் காய்களைப் பரப்பி, பாதி சீஸும் பாதி உப்பில்லாப் பனீருமாகத் துருவித் தூவி, மூடியிட்டுச் சிறுதீயில் சீஸ் உருகும்வரை வைத்தால் போதும்.

கடையில் வாங்கும்போது

வீட்டில் செய்ய அவகாசமில்லாத நாளில், மெல்லிய அடிரொட்டியும் காய்கறி மேற்பரப்பும் உள்ளதைக் கேட்டு வாங்கி, கூடுதல் சீஸையும் பூண்டு ரொட்டியையும் தவிர்த்து, பெரியதொன்றைக் குடும்பத்தார் அனைவரும் பகிர்ந்துண்டால், பிள்ளையின் பங்கும் தானே அளவுக்குள் அடங்கிவிடும்.