தொப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு பெல்ஜியத்தில் வேலை. தோங்கெரன் என்ற ஊரில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தையில் ஒரு ஜெர்மன் ராணுவ ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். மஞ்சள், பச்சை, செம்பழுப்பு என்று திட்டுத்திட்டாக வண்ணம் பூசியது. இரண்டாம் உலகப்போர்ச் சரக்கு என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறாராம். விலை, பையனின் ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம். "பித்துப் பிடித்து அலைகிறான். வாங்கச் சொல்லலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார் தந்தை.

அந்தப் பித்து எனக்கும் கொஞ்சம் உண்டு. சொந்தமாக ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இப்படியொரு ஹெல்மெட்டின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்று, வீட்டுக்காரம்மாவின் கோபத்தைச் சம்பாதித்ததோடு சரி.

காதை மூடிக் கழுத்துவரை இறங்கும் அந்த எஃகுத் தொப்பியின் உருவம், போர்ப்படம் ஒன்றாவது பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு வண்ணத்துக்கு வருகிறேன்.

முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில், 1918 ஜூலை 7 அன்று, ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் கையெழுத்திட்ட உத்தரவு ஒன்று வெளிவந்தது. ஹெல்மெட்டில் பச்சை, காவிமஞ்சள், துருப்பழுப்பு மூன்றையும் பட்டை பட்டையாகப் பூச வேண்டும். நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. முன்னாலிருந்து பார்த்தால் நான்கு கட்டங்களுக்கு மேல் தெரியக் கூடாது. ஏதோ ஓவியப் பள்ளிப் பயிற்சி போல இருக்கிறதல்லவா? அந்தக் காலத்தில் ஓவியமும் ராணுவமும் ரொம்ப தூரத்தில் இல்லை. நீலக் குதிரைகளை வரைந்த ஃபிரான்ஸ் மார்க், பீரங்கிகளை மூடும் தார்ப்பாய்களுக்கு இதே ராணுவத்தில் உருமறைப்பு வண்ணம் தீட்டியவர்தான். 1916இல் வெர்டன் போர்முனையில் செத்துப்போனார்.

இரண்டாம் போரில் அப்படியொரு ஒழுங்கு இல்லை. ஆலையிலிருந்து ஹெல்மெட் ஒரே நிறத்தில்தான் வந்தது. 1940இல் அதையும் வெளிச்சம் பட்டுப் பளபளக்காதபடி சொரசொரப்பான கருஞ்சாம்பலாக்கினார்கள். அதற்கு மேல் ஏறியதெல்லாம் களத்தில் பூசியது. 1943 பிப்ரவரியில் டாங்கிகளுக்கும் லாரிகளுக்கும் அடிநிறம் மஞ்சளாக மாறியது. மேலே பூசப் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டப்பாவில் வந்தன. பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துப் பூச வேண்டியது. அந்த டப்பாவிலிருந்து சிப்பாய் கொஞ்சம் கிள்ளிக்கொண்டான். தெளிப்பான் கிடைத்தவன் தெளித்தான், கிடைக்காதவன் பிரஷ்ஷால் இழுத்தான். மணலையோ மரத்தூளையோ கலந்து அப்பியவர்களும் உண்டு. பனிக்காலத்தில் வெள்ளை, வட ஆப்பிரிக்காவில் பாலைவன மணல் நிறம். இலை தழை செருகிக்கொள்ளக் கோழிக்கூண்டுக் கம்பிவலையைச் சுற்றிக் கட்டியவர்களும் இருந்தார்கள்.

அதனால் இதுதான் சரியான பூச்சு என்று கையை வைத்துக் காட்ட எதுவுமில்லை. போலிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வெறும் சாம்பல் ஹெல்மெட்டைவிட வண்ணம் பூசியதற்குப் பல மடங்கு விலை. அசல் சாம்பல் ஹெல்மெட் ஒன்றும், மூன்று டப்பா பெயின்ட்டும், ஒரு மழைக்காலப் பொறுமையும் இருந்தால் போதும்.

பையன் எதைப் பார்க்க வேண்டும்? வண்ணத்தின் அழகை அல்ல. மூன்று ஆணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஹெல்மெட்டில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி அதுதான். உள்ளே இருக்கும் தோல் லைனரை மூன்று ஸ்பிளிட் பின்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னின் குமிழ்த்தலை வெளியே தெரியும். இரண்டு கால்களும் உள்ளே விரித்து மடக்கப்பட்டிருக்கும். வண்ணம் பூசுவதற்காகச் சிப்பாய் லைனரைக் கழற்றிக்கொண்டிருக்க மாட்டான். அப்படியே பூசுவான். பெயின்ட் பின்னின் தலைமேல் ஏறி, தலைக்கும் ஹெல்மெட்டின் எஃகுக் கூட்டுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடுக்கை அடைத்துக்கொண்டு காயும்.

எங்கள் வீட்டு இரும்பு பீரோவுக்கு என் கல்யாணத்தின்போது பெயின்ட் அடித்த மனிதர் கைப்பிடியைக் கழற்றவில்லை. இருபது வருஷம் கழித்துக் கைப்பிடி ஆட ஆரம்பித்ததும் திருகாணியைத் தேடினால் காடியே தெரியவில்லை, பச்சைப் பெயின்ட் அடைத்துக் கிடந்தது. கத்தி முனையால் சுரண்டித் திருப்பியபோது ஆணியைச் சுற்றியிருந்த பெயின்ட் ஒரு வளையமாக விரிந்து உதிர்ந்தது. அடித்த நாளுக்கும் நான் கழற்றிய நாளுக்கும் நடுவே யாரும் அந்த ஆணியைத் தொடவில்லை என்பதற்கு அந்த வளையமே சாட்சி. ஹெல்மெட்டிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவது அந்த வளையத்தைத்தான். அது உடையாமல் இருந்தால், பூசியபின் லைனரைக் கழற்றி மாட்டவில்லை. உடைந்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

போலிக்காரனும் லைனரைக் கழற்றாமலே பூசலாமே என்று கேட்பீர்கள். பூசுகிறான். அப்போது பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1944இல் நார்மண்டியில் ஒருவன் தன் ஹெல்மெட்டுக்கு வண்ணம் பூசியிருந்தால், அடியில் இரண்டு மூன்று வருஷக் கீறல் இருக்கலாம். எண்பது வருஷத் துரு இருக்க வழியில்லை. துருவின் குழிக்குள் மஞ்சள் பெயின்ட் வழிந்து உறைந்திருந்தால், துரு மூத்தது, பெயின்ட் இளையது.

தேய்மானமும் பேசும். என் பைக் ஹெல்மெட்டை எப்போதும் இடது கண்ணாடியில்தான் மாட்டுவேன். உள்பஞ்சு ஒரே இடத்தில் மட்டும் கிழிந்திருக்கிறது. உழைத்த பொருள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேயாது. சிப்பாயின் ஹெல்மெட்டில் கழற்றும்போது விரல் பிடிக்கும் முன்விளிம்பும், தரையில் கவிழ்த்தும் மல்லாத்தியும் வைக்கும்போது படும் விளிம்பும் உச்சியும் தேயும். போலிக்காரன் உப்புத்தாள் எடுத்து, பாரபட்சமே பார்க்காமல் எல்லா மேட்டையும் தேய்த்து வைப்பான். அந்தச் சமத்துவமே அவனைக் காட்டிக்கொடுக்கும்.

உள்விளிம்பில் ஆலையின் எழுத்தும் அளவும் முத்திரையாகப் பதிந்திருக்கும். இ.டி. 64 என்றால் தாலே ஊர் ஆலை, 64 கூட்டின் அளவு. அதற்குள் பொருந்தும் தலைச்சுற்று 56 அல்லது 57 சென்டிமீட்டர். கூடு ஓர் அளவும் லைனர் வேறோர் அளவும் சொன்னால், இரண்டும் நடுவயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டவை.

புற ஊதா விளக்கு, எக்ஸ்ரே கருவி என்று அறிவியலும் உண்டு. போருக்குப் பிந்தைய பல பெயின்ட்டுகள் புற ஊதா ஒளியில் பளிச்சென்று மின்னும். மின்னாததாலேயே பழையதாகிவிடாது, மின்னாத பெயின்ட் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. எக்ஸ்ரே கருவி என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும், எந்தத் தேதியில் பூசினார்கள் என்று சொல்லாது. டைட்டானியம் தென்பட்டதும் போலி என்று குதிப்பவர்கள், டைட்டானியம் வெள்ளை 1920களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டதை மறந்துவிடுகிறார்கள். கடைக்காரர் சொல்லும் 'தாத்தா கொண்டுவந்தது' கதைக்கு ஆதார மதிப்பு எதுவும் இல்லை. தாத்தாவும் சந்தையில் வாங்கியிருக்கலாம்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். போருக்குப் பின் நார்வே ராணுவம், ஜெர்மானியர் விட்டுப்போன ஹெல்மெட்டுகளைப் பச்சையடித்துத் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. ஆக்கிரமித்தவனின் தொப்பி, விடுதலை பெற்றவன் தலையில்! அதன் வரலாறு அந்தப் பச்சைப் பூச்சில் இருக்கிறது. அப்படிப்பட்டதைச் சுரண்டிவிட்டு நார்மண்டி வண்ணம் பூசுகிறவன் ஏமாற்றுவது வாங்குபவனை மட்டுமா? கழுத்துப் பக்கம் உள்ளே வெள்ளைப் பெயின்ட்டில் சிப்பாய் எழுதிவைத்த பெயர், கதைக்குப் பொருந்தவில்லை என்பதற்காகவே அழிந்துபோகும். இன்னொரு பக்கம், கிழக்கு ஐரோப்பிய வயல்களில் இரவோடு இரவாகத் தோண்டுகிறவர்கள். ஹெல்மெட்டோடு எலும்புக்கூட்டின் கழுத்திலுள்ள அடையாளத் தகட்டையும் எடுத்து விற்றுவிடுகிறார்கள். இரண்டாக ஒடிக்கும்படி செய்த அந்தத் தகடு போனால் கிடப்பவன் யாரென்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகிறது.

பையனிடம் இதையும் சொல்லிவையுங்கள்: ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம். அங்குள்ள சந்தைகளில் ஸ்வஸ்திகாவின் மேல் துண்டுத்தாள் ஒட்டித்தான் விற்பார்கள். இந்த ஹெல்மெட்டுகளை அணிந்தவர்கள் எந்த ஊர்களுக்குள் நுழைந்து என்ன செய்தார்கள் என்பதை அந்தத் துண்டுத்தாள் ஞாபகப்படுத்துகிறது. அலமாரியில் வைப்பவரும் ஞாபகம் வைத்திருக்கட்டும். தலையில் போட்டுப் படம் எடுப்பதெல்லாம் எனக்குப் பிடிக்காது.

பின்னின் தலை, உள்விளிம்பு, லைனரின் அடிப்பக்கம் மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லி வாசகருக்குப் பதில் போட்டேன். நேற்று வாட்ஸப்பில் படம் வந்தது. ஒரே படம்தான். ஹெல்மெட் பையனின் தலையில் இருக்கிறது, முகம் முழுக்கச் சிரிப்பு. கழற்றிக் கவிழ்த்துப் பிடித்து இன்னொரு படம் கேட்டிருக்கிறேன்.