ஏறும் முன் போட வேண்டியது இறங்கும் கணக்கு

1865ஆம் ஆண்டு ஜூலை 14, பிற்பகல் 1.40. ஸ்விட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 4,478 மீட்டர் உயர்ந்து நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் அன்றுதான் முதன்முதலாக மனிதக் கால் பட்டது. எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயரும் உடன் சென்ற ஆறு பேரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உச்சியில் இருந்துவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். சற்று தூரத்திலேயே பத்தொன்பது வயது ஹேடோவின் கால் வழுக்கியது. அவர் முன்னால் இறங்கிக்கொண்டிருந்த வழிகாட்டி மிஷெல் குரோவின் மேல் போய் விழுந்தார். அந்த இழுப்பில் அவர்களோடு கயிற்றில் கட்டியிருந்த ஹட்சனும் பிரான்சிஸ் டக்ளஸும் சரிந்தார்கள். டக்ளஸுக்குப் பின்னால் இருந்த கயிறு அறுந்தது. நான்கு பேரும் ஆயிரம் மீட்டருக்கும் மேல் விழுந்து கீழிருந்த பனியாற்றில் மாண்டார்கள். ஏறும்போது ஒருவருக்கும் காயமில்லை. உச்சியைத் தொட்ட பிறகுதான் எல்லாம் நடந்தது.

இதை விதி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்த விபத்தின் வேர்களைத் தேடினால், அவற்றில் பல மலையடிவாரத்து ஊரான ஸெர்மாட்டிலேயே தென்படுகின்றன. இத்தாலியப் பக்கத்திலிருந்து போட்டியாளரான ழான் அந்துவான் கரேல் தன் ஆட்களுடன் புறப்பட்டுவிட்டார் என்ற செய்தி விம்பரை அவசரப்படுத்தியது. அந்த அவசரத்தில், ஊரில் சந்தித்த வேறொரு குழுவோடு இரண்டே நாளில் சேர்ந்துகொண்டார். அக்குழுவில் இருந்த ஹேடோ உயர்ந்த மலைகளுக்குப் புதியவர். அவரால் ஏற முடியுமா என்றுதான் கேட்டார்கள். களைத்த பிறகு இறங்க முடியுமா என்று கேட்கவில்லை. கொண்டுபோன மூன்று வகைக் கயிறுகளில் மிக நலிந்த பழைய கயிறே டக்ளஸுக்கும் அவருக்குப் பின்னால் வந்த வழிகாட்டி மூத்த டௌக்வால்டருக்கும் நடுவில் கட்டப்பட்டிருந்தது. அதைவிட வலுவான கயிறு பயன்படுத்தாமல் கையிலேயே இருந்தது. ஏறுவதற்கு எல்லாத் திட்டமும் இருந்தது, இறங்குவதற்குத்தான் இல்லை. ஒதுங்க இடமில்லாத முகடுகளில் பாதுகாப்பாக ஏற நினைப்பவர்கள் திட்டத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மலையேற்றம் அறியாதவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். திருப்பதி மலையோ பழனி மலையோ, படியில் ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது. இறங்குவது பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மேட்டர்ஹார்னின் வழக்கமான வழியான ஹோர்ன்லி முகட்டில் அந்தக் கணக்கு செல்லாது. 3,260 மீட்டரில் உள்ள ஹோர்ன்லி விடுதியிலிருந்து உச்சி வரை சுமார் 1,200 மீட்டர் ஏற வேண்டும். தேர்ந்த வழிகாட்டியோடு போகும் உடல்வலு உள்ளவர்களுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். இறங்கவும் அதே அளவு நேரம் பிடிக்கிறது. ஏறும்போது பிடிமானம் கண்ணெதிரே இருக்கும். இறங்கும்போது அது காலுக்கடியில், பார்வைக்கு மறைவாக இருக்கும். முகட்டை விட்டுச் சற்று விலகினாலும் உதிரும் கற்களில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். செங்குத்தான இடங்களில் ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்க வேண்டும்; எதிரே வருபவர்களுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்கே உள்ள இடத்தில் உடல் களைத்திருக்கும், கவனம் மங்கியிருக்கும். அதனால்தான் வழிகாட்டிகள் அருகிலுள்ள பிரைட்ஹார்ன் போன்ற வேறு மலைகளில் முதலில் ஏறிப் பழகச் சொல்கிறார்கள். உடல் உயரத்துக்குப் பழகுகிறது. வருபவர் எப்படி இறங்குகிறார் என்று வழிகாட்டியும் கண்டுகொள்கிறார்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். கோடையில் ஆல்ப்ஸ் மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரள்கிறது. மின்னல் நேரத்தில் முகட்டின் மேல் நிற்பவருக்குப் போக்கிடம் இல்லை. எனவே விடியுமுன், சுமார் 4 மணிக்கே புறப்படுகிறார்கள். 4,003 மீட்டரில் ஸால்வே என்ற சிறு அவசரக் குடில் இருக்கிறது. விடுதியிலிருந்து உச்சிக்கான ஏற்றத்தில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அங்கே முடிகிறது. மூன்று மணி நேரத்துக்குள் அங்கே சேராதவர்களை வழிகாட்டிகள் பொதுவாகத் திருப்பிவிடுகிறார்கள். இது கெடுபிடி அல்ல, எளிய கணிதம். 7 மணிக்குக் குடிலை அடைந்தவர் அதே வேகத்தில் போனால் 9 மணிக்கு உச்சி, பிற்பகல் 2 மணிக்கு விடுதி. எட்டரைக்கு அடைந்தவருக்கு உச்சியிலேயே பதினொன்றரை ஆகிவிடும். விடுதிக்குத் திரும்ப மாலை 7 மணி. ஒன்றரை மணி நேரத் தாமதம், கீழே வந்து சேரும்போது ஐந்து மணி நேரமாக வளர்ந்துவிடுகிறது. அந்த ஐந்து மணி நேரமும் இடியும் களைப்பும் சேரும் நேரம்.

அனுபவசாலிக்குக் கடிகாரம் எதற்கு, அங்கங்கே நிலைமையைப் பார்த்து முடிவெடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், மலை கால அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனால் முடிவெடுக்கும் மனமே உயரத்தில் பழுதுபடுகிறதே! 1996 மே 10 அன்று எவரெஸ்டில் பிற்பகல் 2 மணி வாக்கில் திரும்ப வேண்டும் என்று தெரிந்திருந்தும் பலர் அதற்குப் பிறகும் ஏறினார்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் ராப் ஹால் போன்ற பெரும் அனுபவசாலிகள் இருந்தார்கள். மாலையில் புயல் வந்தது. ஹாலும், வடபக்கமாக ஏறிய இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினர் மூவரும் உட்பட எட்டுப் பேர் திரும்பவில்லை. அனுபவம் இல்லாத குறை அல்ல அது. கீழே தெளிவான தலையோடு எடுத்த முடிவை, மேலே ஆசையும் பரிதாபமும் களைப்பும் சேர்ந்து மாற்றிவிட்டன.

செலவழித்த பணமும் காத்திருந்த ஆண்டுகளும் வீணாகுமே என்பது அடுத்த வாதம். அதே 1996இல், சுவீடனிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்த யோரன் குரோப், மே மாதத் தொடக்கத்தில் எவரெஸ்ட் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே நின்று, இருட்டுமுன் இறங்க முடியாது என்று திரும்பினார். அவரைவிட அதிகம் செலவழித்துக் காத்திருந்தவர் யார்? மே 23 அன்று அவர் உச்சியை அடைந்தார். மேட்டர்ஹார்னில் விம்பரிடம் தோற்றுத் திரும்பிய கரேலும் மூன்றாம் நாளே இத்தாலிய முகடு வழியாக உச்சியைத் தொட்டார்.

இப்போது ஹெலிகாப்டர் இருக்கிறதே என்ற நம்பிக்கை இந்த வாதங்களில் மிகவும் ஆபத்தானது. 2003 ஜூலை வெப்ப அலையின்போது ஹோர்ன்லி முகட்டில் பாறைகள் சரிந்து, மேலே சிக்கியவர்களை ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள். வானம் தெளிவாக இருந்ததால் அது முடிந்தது. மேகம் மூடினால், காற்று வீசினால் எந்த விமானியும் முகட்டை நெருங்க முடியாது. உதவி அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான். மேலும், பாறைகளைப் பிணைத்து வைத்திருக்கும் உறைநிலம் வெயிலில் இளகுகிறது என்பதால், சீக்கிரம் இறங்குவதற்கான காரணம் முன்பைவிட வலுத்திருக்கிறது.

இமயமோ ஆல்ப்ஸோ, மலையேறக் கிளம்பும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: புறப்படுவதற்கு முந்தைய இரவே, எந்த இடத்தில் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு படியைக் கயிற்றில் உடன் கட்டிக்கொள்பவரிடம் கொடுங்கள், இன்னொன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.