இரட்டை மின்சாரமும் ஒற்றை ஆபத்தும்

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை பத்து மணி சுமாருக்கு மும்பை நகரிலும் புறநகரங்களிலும் கரண்ட் போயிற்று. லோக்கல் ரயில்கள் பாதி வழியில் நின்றன. கொரோனா காலமாதலால் அத்தியாவசிய ஊழியர்கள் மட்டுமே அவற்றில் போய்க்கொண்டிருந்தார்கள். இல்லாவிட்டால் அன்றைய அவதி இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

ஊரே இருண்டாலும், "இங்கே கரண்ட் இல்லை, கவலைப்படாதே" என்று சொந்த ஊருக்குப் போன் பேச முடிவது எப்படி?

எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவிகள் நம் வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தில் ஓடுவதில்லை. அவற்றுக்கு வேண்டியது 48 வோல்ட் டி.சி. இரண்டு வோல்ட் செல்கள் 24ஐ வரிசையாகக் கோத்தால் 48. ரெக்டிபையர் என்னும் சாதனம் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி, கருவிகளுக்கும் கொடுக்கிறது; பாட்டரியையும் நிரப்பி வைக்கிறது. அதனால் சாதாரண நேரத்தில் கம்பியில் சுமார் 54 வோல்ட் இருக்கும். கரண்ட் நின்ற அதே கணத்தில் பாட்டரி சுமையை ஏற்றுக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டர் போல ஒரு கண்சிமிட்டல்கூடக் கிடையாது. அதற்குள் டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பிவிட வேண்டும். செல்போன் டவரிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் பாட்டரி சிறியது, முதலில் படுப்பதும் அதுவே.

அந்தக் காலத்தில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்தால் ஒரு வீட்டுப் பேச்சு நிற்கும். இன்றோ தலைமயிர் போன்ற ஒரே கண்ணாடி இழையில் எண்பது, தொண்ணூறு நிற ஒளிகளை ஒன்றாக அனுப்புகிறார்கள். பாங்கிக் கணக்கும், ரயில் ரிசர்வேஷனும், வீட்டுக்கு அனுப்பும் பணமும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகின்றன. ஆகவே அதற்கு 'ஏ', 'பி' என்று இரண்டு வழிகளில் டி.சி. கொடுக்கிறார்கள். ஒன்று செத்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும்.

தகராறு இங்கேதான். இரண்டும் 100 ஆம்பியர் பியூஸ் என்று வையுங்கள். ஏ-யில் 70, பி-யில் 70 ஓடுகிறது. மீட்டர் பார்க்கிறவர் "இரண்டும் நலம்" என்றே எழுதுவார். ஏ போனதும் 140 ஆம்பியரும் பி-யின் தலையில் விழும். அந்தப் பியூசும் எரியும். இருந்த இரண்டும் போச்சு!

சரி, ஐம்பது ஐம்பது என்றால் போதுமா? போதாது. பாட்டரி இறங்க இறங்க வோல்ட் குறையும். கருவிக்கு வேண்டிய சக்தி குறையாததால் ஆம்பியர் ஏறும். 54 வோல்ட்டில் 100 ஆம்பியர் இழுத்தது, 45 வோல்ட்டில் 120 இழுக்கும்.

இரண்டு வழியையும் ஒரே பாட்டரியிலிருந்து இழுத்துவிடும் இடங்களும் உண்டு. வாய்க்கால் இரண்டு, கிணறு ஒன்று! இன்னொரு தொல்லை, பி செத்துப் பல மாதமாகியும் ஏ ஓட்டிக்கொண்டிருப்பதால் யாருக்கும் தெரியாமல் போவது. அலாரம் அடித்தாலும், சத்தத்தை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பவர் இருக்கிறார். நெரிசல் இல்லாத நள்ளிரவில் ஒரு வழியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். 'நன்றாக ஓடுவதைத் தொடுவானேன்' என்ற பயத்தில் பலர் அதைச் செய்வதில்லை.

போதாக்குறைக்கு வெயில். ஈயப் பாட்டரிக்குச் சூடு ஆகாது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். அறையைக் குளிர்விக்கும் ஏர்கண்டிஷனரோ பெரும்பாலும் பாட்டரியில் ஓடுவதில்லை. ஜெனரேட்டர் கிளம்பத் தாமதமானால், பாட்டரி தீருமுன்பே சூடு தாங்காமல் கருவி நின்றுவிடக்கூடும்.