பொதுப் போக்குவரத்துப் பயணத் தேவை முன்கணிப்பு

பொதுப் போக்குவரத்துப் பயணத் தேவை முன்கணிப்பு என்பது, ஒரு பேருந்து அல்லது தொடருந்துத் தடத்தை எத்தனை பேர் பயன்படுத்துவர் என முன்கூட்டியே மதிப்பிடுவதாகும். கணிப்பு மிகையானால் காலி வண்டிகளும் கடனும் மிஞ்சும். வண்டிக்குள் கழியும் நிமிடத்தைவிட நிறுத்தத்தில் காத்திருக்கும் நிமிடமே பயணிகளுக்குப் பெரிய சுமை என்பதும் இதில் கணக்கிடப்படுகிறது.

சான் பிரான்சிசுகோ விரிகுடாப் பகுதியில் 1972இல் பார்ட் தொடருந்து ஓடத் தொடங்கியது. வேலைக்குச் செல்வோரில் 15 விழுக்காட்டினர் அதில் ஏறுவர் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன், தொடருந்து வருமுன்பே பயணிகளிடம் திரட்டிய தரவைக் கொண்டு, அவர்கள் நேரத்தையும் செலவையும் எவ்வாறு எடைபோடுகின்றனர் என ஆராய்ந்து 6.3 விழுக்காடு என்றார். உண்மையில் ஏறியோர் 6.2 விழுக்காடு. இதில் ஓரளவு நற்பேறும் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். நிலையத்துக்கு நடந்து வருவோரை அவரது கணிப்பு மிகைப்படுத்தியிருந்தது. தனிமனிதத் தெரிவை ஆராயும் இம்முறைகளுக்காக 2000ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை ஜேம்ஸ் ஹெக்மனுடன் பகிர்ந்துகொண்டார்.