கங்கை நீரும் கௌட நாட்டுக் கூத்தனும்

ஆடித் திருவாதிரை நன்னாளில் அரியலூர், பெரம்பலூர்ச் சீமையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்தில் திரளும் அடியார் பெரும்பாலும் பேசுவது இராசேந்திர சோழனின் வடதிசை வெற்றியையே. ஏறத்தாழ 1023ஆம் ஆண்டில் அவன் படைத்தலைவர் வங்கம்வரை சென்று மகிபாலனை வென்று கங்கை நீர் கொணர்ந்தனர். அந்நீரின் நினைவாக எழுந்த சோழகங்கப் பேரேரியை, நீராலாகிய வெற்றித் தூணாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. இன்று பொன்னேரி என வழங்குவது அதுவே.

வாளின் செய்தி இது. நெல்லின் செய்தி ஒன்றும் உண்டு; அதனை நம்மவர் அதிகம் எடுத்துரைப்பதில்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இம்மன்னனது 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உளது. அங்கு விளங்கிய சர்வசிவ பண்டிதருக்கும், ஆரிய, மத்திய, கௌட தேசங்களைச் சேர்ந்த அவர்தம் சீடர் வழியினர்க்கும் ஆண்டுதோறும் 2000 கலம் நெல் ஆசாரிய போகமாக அளக்கப் பணித்தான் என்பது அதன் பொருள். கௌடமாவது வங்கமே. எந்நாட்டின்மேல் படை நடந்ததோ அந்நாட்டு ஆசிரிய மரபுக்குக் காவிரி நாட்டு நெல்! கங்கைக்கரைச் சைவர்களை அழைத்து வந்து காஞ்சியிலும் சோழநாட்டிலும் அவன் குடியேற்றிய வரலாறு சித்தாந்த சாராவலி என்னும் நூல்வழி அறியப்படுகின்றது. ஆகமம் கற்றவரை வேற்றுநாட்டார் என்று அவன் ஒதுக்கினானல்லன். மாற்றார் நாட்டிலிருந்து சூறை மட்டுமே வந்தது என்பார் இக்கல்வெட்டை ஒருமுறை நோக்குவாராக.

இதற்குக் கண்கூடான சான்று வேண்டுவோர், சோழபுரத்துக்கு அணித்தே காட்டுமன்னார்கோயிலை அடுத்துள்ள மேலக்கடம்பூருக்குச் செல்க. கரக்கோயில் எனப் பெயர்பெற்ற, தேர் வடிவிலமைந்த அத்திருக்கோயிலில் வங்கத்துப் பாலர் காலக் கலைமரபில் வார்க்கப்பெற்ற கூத்தப்பெருமான் செப்புத் திருமேனி உளது. இராசேந்திரன் காலத்து வந்தது என்பது வழிவழிச் செய்தி. தில்லைக்கூத்தன் நான்கு கரத்தோடு முயலகன்மேல் ஆடுவான். இப்பெருமானோ பத்துக் கரத்தோடு விடையின் முதுகின்மேல் ஆடுகின்றான். விடையும் தலை நிமிர்த்தித் தன் தலைவன் ஆடலைக் கண்டு களிக்கின்றது.

அயல்நாட்டு உருவம் என்று அதனைக் காட்சிப் பொருளாக வைத்தாரில்லை. பிரதோஷ வேளையில் இறைவன் விடையின் கொம்புகளுக்கிடையே ஆடுகின்றான் என்பது நம் நாட்டாரின் நெடுநாள் நம்பிக்கை. வங்கத்துச் சிற்பி வார்த்த கோலமும் அதற்கு இயைந்து நின்றது. ஆதலின் பிரதோஷ நாளில் அத்திருமேனிக்கே அபிடேகம் செய்து, அடியார் தரிசிக்கின்றனர்.