மெலிந்த இடம் தேடும் முறுக்கு

வெண்ணந்தூரில் தறி போட்டிருக்கும் வீடுகளில் ராட்டை இன்னும் சுற்றுகிறது. நூல் நூற்பதற்கு அல்ல. மில்லிலிருந்து சிட்டமாக வந்த நூலைப் பரிவட்டத்தில் மாட்டி, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் சுற்றித் தருவதோடு அதன் வேலை முடிகிறது. மோட்டார் வந்த வீடுகளில் அந்த வேலையும் போய், ராட்டை பரணில் ஏறிவிட்டது. பருத்தி ஏலம் நடக்கும் ராசிபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. தறியும் ஊரிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த நூற்பு மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது.

தார் சுற்றும் அதே ராட்டையில் நூற்கவும் முடியும். வித்தியாசம் கையின் கோணத்தில் இருக்கிறது. சக்கரம் சுழற்றும் இரும்புக் கதிருக்குக் குறுக்காக நூலைப் பிடித்தால், கதிர் சுழலச் சுழல நூல் அதன்மேல் சுற்றிக்கொள்ளும். கதிரின் முனைப் பக்கமாகக் கையைச் சாய்த்துப் பிடித்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் நூல் முனையிலிருந்து நழுவி விழும். விழும்போது ஒரு முறுக்கு ஏறும். முறுக்கு ஏற்றுவது, பிறகு சுற்றிவைப்பது என இரண்டு வேலையையும் ஒரே இரும்புக் கம்பி செய்கிறது. பொழுதுபோக்காகக் கை நூற்பு பழக நினைக்கும் ஒருவருக்கு இந்த வட்டாரத்தில் கருவிக்குப் பஞ்சமில்லை. புரிந்துகொள்ள வேண்டியது, அந்த முறுக்கு பஞ்சுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத்தான்.

பஞ்சிழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். பூ மலர்ந்த நாளை ஒட்டி, விதையின் மேல்தோலில் உள்ள செல்கள் சில நீளத் தொடங்குகின்றன. இரண்டு மூன்று வாரம் நீளமாக வளரும். அதன்பின் உள்பக்கமாக செல்லுலோஸ் படிந்து சுவர் தடிக்கும். ஒரு விதையின் மேல் பத்தாயிரத்துக்கும் அதிகமான இழைகள் இருக்கும். ஒவ்வொன்றின் நீளமும் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்; அகலமோ மனிதத் தலைமுடியில் நான்கில் ஒரு பங்கு. காய் வெடித்து வெயில் பட்டதும் செல்லுக்குள் இருந்த நீர் வற்றிவிடும். உருளையாக இருந்த இழை சப்பி, தட்டையாகி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். கொஞ்ச தூரம் வலப்பக்கமாக, கொஞ்ச தூரம் இடப்பக்கமாக. நூற்கத் தகுந்த பஞ்சு என்ற பெயரைப் பருத்திக்கு வாங்கித் தந்தவற்றில் இந்தக் கோணல் முக்கியமானது. இலவம்பஞ்சு பார்வைக்கு இதைவிடப் பளபளப்பானது, மென்மையானது. அதன் இழையோ காற்றடைத்த வழுவழுப்பான குழல். மேலே மெழுகுப் பூச்சு வேறு. ஒன்றையொன்று பற்றாது. இலவு தலையணைக்குப் போனதும் பருத்தி தறிக்குப் போனதும் இதனால்தான்.

சரி, மூன்று சென்டிமீட்டர் இழைகளைக் கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நூல் எப்படி வருகிறது? பக்கத்து ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு சுற்றுகிறவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு நூற்கும் கை புதிதாகத் தெரியாது. ஆனால் மாவு தானே ஒட்டிக்கொள்ளும். பஞ்சில் ஒட்டும் பொருள் எதுவும் கிடையாது. இந்தப் புதிர் கலிலியோவையும் பிடித்தது. 1638இல் வெளிவந்த தம் கடைசி நூலில், இரண்டு மூன்று முழச் சணல் நார்களால் ஆன கயிறு நூறு முழ நீளத்துக்கு எப்படிப் பலமாக இருக்கிறது என்று கேட்டு, முறுக்கில் நார்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால்தான் என்று பதில் சொல்கிறார்.

திசை சரி. முறுக்கிய நூலை இழுத்தால், சுருளாக ஓடும் வெளிப்புற இழைகள் உள்ளே இருப்பவற்றை நெருக்குகின்றன. நெருக்கினால் உராய்வு கூடும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. 2018இல் பேட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் இதற்கான கணக்கை ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். உராய்வு ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும்வரை இழைகள் நழுவிக்கொண்டே இருக்கும். வரம்பைத் தாண்டினால் மொத்தக் கூட்டமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் நூல் அறுந்தால், இழையே அறுந்தது என்று பொருள். கலிலியோ கேட்டு 380 ஆண்டுகள் கழித்தும் உடுத்தியிருக்கும் வேட்டி ஏன் பிரிந்து விழவில்லை என்பது ஆய்வுக்குரிய கேள்வியாக இருந்திருக்கிறது. நூற்கப் பழகுகிறவர் அந்த வரம்பை விரலாலேயே அறிவார். நழுவிக்கொண்டிருந்த பஞ்சு சட்டென்று நூலாகிவிடும் கணம் ஒன்று இருக்கிறது. அதைக் கைக்குக் கை காட்டலாம். எழுதிக் காட்டுவது கடினம்.

முறுக்கு பூட்டுகிறது என்பது பாதிக் கதைதான். நூலைச் சமமாக்குவதும் அதே முறுக்குதான். கை நூற்பின் உயிரே இதில் இருக்கிறது என்பேன். பழகத் தொடங்குகிறவர்களுக்கு யாரும் முதலில் சொல்லாத விஷயமும் இதுவே.

இடக்கையில் பஞ்சுப் பட்டையைப் பிடித்து, வலக்கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பின்னால் இழுக்கிறோம். பட்டையிலிருந்து வரும் பஞ்சு ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிந்தும்தான் வரும். எவ்வளவு தேர்ந்த கையாலும் அதைத் தடுக்க முடியாது. ஆனால் முறுக்கு எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லை. தடித்த இடத்தை முறுக்குவது கடினம், மெலிந்த இடத்தை முறுக்குவது எளிது. ஒரே பொருளால் ஆன கம்பி என்றால், தடிமன் பாதியானதும் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். பஞ்சில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால் கணக்கு அவ்வளவு கூர்மையாக இராது, போக்கு மட்டும் மாறாது. ஆகவே முறுக்கு மெலிந்த இடத்தைத் தேடி ஓடுகிறது. அங்கே போய் இழைகளைப் பூட்டுகிறது. தடித்த இடம் முறுக்குக் குறைந்து இளகியே இருக்கிறது. இப்போது மேலும் இழுத்தால் எது நீளும்? பூட்டிய இடம் நீளாது. இளகிய தடிப்புதான் நீண்டு மெலியும். அது மெலிந்ததும் முறுக்கு அங்கேயும் ஓடும். இழுப்பு முடியும்போது நூல் தானாகவே சமப்பட்டிருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார். தடிப்பைக் கண்டதும் விரலால் நசுக்கிச் சரிசெய்யப் பார்க்கிறார். நூல் அறுந்துவிடும் என்ற பயத்தில் சக்கரத்தை வேகமாகச் சுற்றுகிறார். முறுக்கு அளவுக்கு மீறி ஏறியதும் தடித்த இடமும் பூட்டிக்கொள்கிறது. அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் நீளாது. இழுப்பின்போது முறுக்கு குறைவாகவும், இழுத்து முடிந்தபின் நிறைவாகவும் இருக்க வேண்டும். இதற்காகவே ராட்டைக்கு முன், கையால் சுழற்றும் தக்ளியில் பழகுவது நல்லது என்பது என் கருத்து. வேண்டிய இடத்தில் அதை நிறுத்தி, முறுக்கு எங்கே ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து, பிறகு தொடரலாம். ஆதாரக் கல்விப் பள்ளிகளில் தக்ளி சுற்றிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பழகுகிறவர்கள் அவர்களிடம் கேட்கலாம். அந்தக் கை மறப்பதில்லை.

எவ்வளவு முறுக்கு போதும்? நெசவாளர் சொல்லும் நூல் நம்பர், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்ற கணக்கு. அந்த நம்பரின் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால், அங்குலத்துக்கு வேண்டிய முறுக்கு ஏறக்குறைய வந்துவிடும். 16ஆம் நம்பருக்கு அங்குலத்துக்கு 16 முறுக்கு. ஒரு இழுப்புக்கு 24 அங்குலம் என்றால் 384 முறுக்கு. சக்கரம் ஒரு சுற்றுக்குக் கதிரை 64 முறை சுழற்றும் என்று வைத்துக்கொண்டால், ஆறு சுற்று. இந்த நூலை எங்கே வெட்டினாலும் அதன் குறுக்கே இருநூறுக்கு மேல் பஞ்சிழைகள் இருக்கும். ஒரு கிராமுக்கு 27 மீட்டர் வரும். கால் கிலோ எடையுள்ள ஒரு வேட்டிக்கு ஏழு கிலோமீட்டரை நெருங்கும். கையால் நூற்றவர்கள் துணியை ஏன் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டால் தெரியும்.

இந்த வட்டாரத்தில் அந்தக் கணக்கை வாழ்க்கையாகவே போட்டவர்கள் உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரியில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மழை பொய்த்த காலத்தில் சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூலை வாங்கிக்கொண்டு கூலி கொடுத்த இடம் அது. கதர் வேலை அங்கே இன்றும் நடக்கிறது. 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் நல்ல ராட்டை ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூற்க வேண்டும், விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது, கிராமத்து வீட்டில் ஒரு பெண் களைப்பில்லாமல் இயக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இரண்டடி இழுப்பு என்று வைத்தால் மணிக்கு ஆயிரம் இழுப்பு. பரிசை யாரும் வெல்லவில்லை. பின்னாளில் தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்கா கைநூற்பின் வேகத்தைப் பல மடங்கு கூட்டியது. ஆனால் அது மில்லைப் போல உருளைகளால் பஞ்சை இழுக்கும் கருவி. முறுக்கும் இழுப்பும் ஒன்றாக நடக்கும் பழைய வித்தை அதில் இல்லை.

இந்த வேறுபாடு சிறியது அல்ல. 1769இல் இங்கிலாந்தில் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற இயந்திரம், வெவ்வேறு வேகத்தில் சுழலும் உருளை ஜோடிகளுக்கு இடையே பஞ்சை முதலில் நீட்டிவிட்டு, அதன் பிறகே முறுக்கியது. பத்து ஆண்டு கழித்து கிராம்ப்டன் செய்த ‘மியூல்’, உருளைகளோடு நிற்காமல், கதிர்கள் ஏறிய வண்டியையே பின்னால் நகர்த்தி, முறுக்கிக்கொண்டே நூலை நீட்டியது. நூற்பவரின் இடக்கை அசைவை அப்படியே இயந்திரத்தில் ஏற்றியிருந்தார் அவர். இன்றைய பஞ்சாலைகள் ஆர்க்ரைட்டின் வழியில் வந்தவை. அங்கே உருளைகளுக்கு இடையிலான தூரத்தைப் பஞ்சிழையின் நீளத்தைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். அதைவிடக் குட்டையான இழை எந்த உருளையின் பிடியிலும் இல்லாமல் மிதக்கும். நூல் மேடும் பள்ளமுமாக வரும். கரிசல் மண்ணில் விளைந்த கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகளின் இழை குட்டை. ஆலைகள் நீண்ட இழை கேட்டன. கம்போடியாப் பருத்தி வந்தது, அதன்பின் வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. நாட்டு ரகங்கள் ஒதுங்கின. அவை தரம் குறைந்தவை என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. முறுக்கே பிடித்துக் காக்கும் கைநூற்பில் குட்டை இழைக்கும் இடம் உண்டு. டாக்கா மஸ்லினுக்கு நூல் தந்தது அப்படிப்பட்ட ஒரு நாட்டுப் பருத்திதான். ஆந்திராவின் பொந்தூரில் இன்றும் வாளை மீனின் தாடை எலும்பால் பஞ்சைச் சீவி, 100ஆம் நம்பர் வரை கையால் நூற்கிறார்கள்.

பஞ்சு வாங்குவதில் பேராசை வேண்டாம். நம் ஏலங்களுக்கு வரும் டி.சி.எச். ரகத்தின் இழை நீளமும் மென்மையும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அத்தனை மெல்லிய இழையை வீட்டில் கையால் பன்னும்போது எளிதில் சிக்கிக் குட்டி முடிச்சுகளாகிவிடும். நடுத்தர இழையுள்ள பருத்தி போதும். பட்டை சரியாக இல்லாவிட்டால் ராட்டையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொட்டை எடுத்து, பன்னி, ஒரே சீராகப் பட்டை போடுவதிலேயே பாதி நூல் முடிந்துவிடுகிறது.

நேரமும் பார்க்க வேண்டும். பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நனைந்தால் வலுக் கூடும் இழை அது. சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை மதியத்தில் காற்று வறண்டு, இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பறக்கும். நூல் அடிக்கடி அறும். ஆலைகளில் இதற்காகவே காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். டாக்காவின் நூற்புப் பெண்கள் விடியலிலும் மாலையிலும் மட்டும் நூற்றதற்கும் காரணம் இதுதான். நமக்கும் அதிகாலைதான் ஏற்றது.

நூற்ற நூலைக் கதிரிலிருந்து எடுத்ததும் அது சுருண்டு பிரி பிரியாக ஏறிக்கொள்ளும். முறுக்கில் அடங்கிய விசை வெளியேற வழி தேடுகிறது. நூல் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். சிட்டம் போட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்து, இழுத்துக் கட்டி உலர்த்துங்கள். செல்லுலோஸின் பழைய பிணைப்புகள் ஈரத்தில் தளர்ந்து, உலரும்போது புதிய வடிவில் பிடித்துக்கொள்ளும். அதன்பின் நூல் அடங்கிக் கிடக்கும்.

அந்தச் சிட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். ஒரு தறிக்காரரிடம் கொடுத்து ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, நெய்து தரச் சொல்லுங்கள். நீளவாக்கில் ஓடும் பாவுக்கு மில் நூலே இருக்கட்டும். அச்சில் உரசி, விழுதில் ஏறி இறங்கி அடி வாங்கும் பாவுக்குப் புதுக்கையின் நூல் தாங்காது. ஊடைக்கு அவ்வளவு சிரமம் இல்லை. வெண்ணந்தூரில் அதற்குத் தறி தேடி அலைய வேண்டியதும் இல்லை.